நின்னா ஸ்க்ரீன், நகர்ந்தா ஃபவுல்... அவ்வளவுதானா?

பாஸ்கெட்பால் மேட்ச் பார்க்கும்போது இந்தக் குழப்பம் உங்களுக்கும் வந்திருக்கும். ஒரு டிஃபெண்டர் முழு வேகத்தில் ஓடி வருகிறார். எதிர் டீம் ஆள் ஒருத்தர் சுவர் மாதிரி வழியில் நிற்கிறார். டிஃபெண்டர் அவர் நெஞ்சில் போய் மோதி, மல்லாக்க விழுகிறார். பார்க்கிறவங்க எல்லாரும் "அய்யய்யோ" என்கிறார்கள். ரெஃப்ரி விசிலை வாயில் வைக்கவே இல்லை. ஆட்டம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ரெண்டு நிமிஷம் கழித்து இன்னொரு ஸ்க்ரீன். இந்த முறை இடுப்பு லேசாக உரசியது, அவ்வளவுதான். யாரும் விழவில்லை. ஆனால் விசில் வருகிறது. ஃபவுல். பந்து எதிர் டீமுக்கு.

விழுந்தவனுக்கு ஒண்ணும் இல்லை, உரசினவனுக்கு ஃபவுலா? இது என்ன நியாயம்?

நியாயம் இருக்கு. எவ்வளவு பலமாக மோதினார்கள் என்பதை வைத்து மட்டும் ரெஃப்ரி முடிவு செய்வதில்லை. அவர் மனசுக்குள் ஓடுகிற கேள்வி வேறு: மோதினவருக்கு அந்த மோதலைத் தவிர்க்க ஒரு நியாயமான வாய்ப்பு இருந்ததா? ஸ்க்ரீன் பற்றிய எல்லா விதிகளும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளை பிரிகின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் ரூல் புக்கை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்க்ரீன் என்றால் என்ன?

பாஸ்கெட்பாலில் ஒரு நேரத்தில் டீமுக்கு ஐந்து பேர். பெரும்பாலும் ஒவ்வொருத்தர் பின்னாலும் ஒரு டிஃபெண்டர் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பார். உங்கள் டீமில் நல்ல ஷூட்டர் ஒருத்தர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை டிஃபெண்டர் விடவே மாட்டேன் என்கிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அந்த டிஃபெண்டர் வரப்போகிற வழியில் போய் நின்றுகொள்கிறீர்கள். ஷூட்டர் உங்கள் தோளை உரசுகிற மாதிரி ஓடுகிறார். பின்னால் வருகிற டிஃபெண்டர் உங்களைச் சுற்றித்தான் போக வேண்டும். அவர் சுற்றி வருகிற அந்த அரை செகண்டில் ஷூட்டர் தனியாக நிற்கிறார். ஷாட் ரெடி.

இதுதான் ஸ்க்ரீன். சர்வதேச அமைப்பான ஃபிபாவின் விதிப்படி சொன்னால், கையில் பந்து இல்லாத எதிராளி தான் போக நினைக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவதைத் தாமதப்படுத்துவது அல்லது தடுப்பது. "கையில் பந்து இல்லாத" என்ற வார்த்தைகளை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

பந்து வைத்திருப்பவரின் டிஃபெண்டருக்கே ஸ்க்ரீன் போட்டுவிட்டு, உடனே திரும்பி வளையத்தை நோக்கி ஓடி பாஸ் வாங்கினால் அது 'பிக் அண்ட் ரோல்'. ஜான் ஸ்டாக்டன், கார்ல் மலோன் என்ற ஜோடி யூட்டா ஜாஸ் டீமில் 1985 முதல் 2003 வரை 18 சீசன் சேர்ந்து ஆடியது. அவர்கள் பெயரைச் சொன்னாலே ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது இந்த ஒரு ஆட்டமுறைதான். எதிர் டீமுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாது. ஸ்டாக்டனின் 15,806 அசிஸ்ட் இன்றும் என்.பி.ஏ. சாதனை.

ஃபுட்பாலில் பந்து கைக்கெட்டும் தூரத்தில்கூட இல்லாதபோது எதிராளியின் வழியை மறித்தால் அது குற்றம், எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக். பாஸ்கெட்பாலில் அதே வேலை ஒரு திறமை. வழியை மறிப்பது இங்கே தப்பே இல்லை. எப்படி மறித்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கு.

உங்களைச் சுற்றி ஒரு சிலிண்டர்

விதிகளுக்கு அஸ்திவாரம் ஒரு கற்பனை சிலிண்டர். நம்ம இன்ஜினியரிங் மக்களுக்கு இது சுலபமாகப் புரியும். கோர்ட்டில் நிற்கிற ஒவ்வொருவரைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலிண்டர் இருப்பதாக ஃபிபா விதி சொல்கிறது. அதன் எல்லை முன்பக்கம் உள்ளங்கை வரை, பின்பக்கம் பிட்டம் வரை, பக்கவாட்டில் கை கால்களின் வெளிவிளிம்பு வரை. உயரமும் உங்களுடையதுதான். நேராக மேலே குதித்தால் அந்த இடத்துக்கும் நீங்களே சொந்தக்காரர்.

கையை முன்னால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முழங்கை மடிந்திருக்க வேண்டும், பாதமும் முழங்காலும் இருக்கிற கோட்டைத் தாண்டக் கூடாது. ஸ்க்ரீன் போடுகிறவர்கள் கையை நெஞ்சின் மேல் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளவும், கை சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது என்று ரெஃப்ரிக்குக் காட்டவும் அது உதவுகிறது. அதே கையை நீட்டித் தள்ளினால் கதை மாறிவிடும்.

மோதல் நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: யார் தன் சிலிண்டரை விட்டு வெளியே வந்தது?

முதல் நிபந்தனை: நிற்கணும்

மோதல் நடக்கிற அந்தக் கணத்தில் ஸ்க்ரீன் போடுகிறவர் தன் சிலிண்டருக்குள் அசையாமல் நின்றிருக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும். இது ஃபிபா விதி.

"மோதல் நடக்கிற கணத்தில்" என்பதுதான் இதில் முக்கியம். அதற்கு முன்னால் நீங்கள் கோர்ட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடி வந்திருந்தாலும் பிரச்சினை இல்லை. வந்து நின்றீர்களா, நின்ற பிறகு மோதல் நடந்ததா என்பதுதான் கேள்வி. அதே மாதிரி, நீங்கள் நகர்ந்துகொண்டே ஸ்க்ரீன் போட்டீர்கள், ஆனால் யாரும் உங்கள் மேல் படவே இல்லை என்றால் அது ஃபவுல் இல்லை. கேலரியில் உட்கார்ந்து "மூவிங் ஸ்க்ரீன், மூவிங் ஸ்க்ரீன்" என்று கத்துகிற நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். மோதல் இல்லாமல் இந்த ஃபவுலே கிடையாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. என்.பி.ஏ. விதியும் அமெரிக்கக் கல்லூரி விதியும் அதை வெளிப்படையாகவே சொல்கின்றன. ஸ்க்ரீன் போடுகிறவரும் டிஃபெண்டரும் ஒரே பாதையில், ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தால் முன்னால் போகிறவர் நகரலாம். பின்னால் வருகிறவர் அவர் முதுகில் இடித்தால் பொறுப்பு பின்னால் வருகிறவருடையது. ரோட்டில் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தில் இடித்துவிட்டு அவரைக் குறை சொல்ல முடியாது இல்லையா, அதே கணக்கு.

இரண்டாவது நிபந்தனை: இடைவெளி கொடுக்கணும்

பலருக்குத் தெரியாத பகுதி இது. அசையாமல் நின்றால் மட்டும் போதாது. எங்கே நிற்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். டிஃபெண்டர் உங்களைப் பார்க்க முடியுமா, அவர் ஓடுகிறாரா நிற்கிறாரா என்பதைப் பொறுத்து மூன்று நிலைமை.

ஒன்று, டிஃபெண்டர் நிற்கிறார், நீங்கள் அவர் முன்னாலோ பக்கவாட்டிலோ வருகிறீர்கள். அவர் கண்ணுக்கு நீங்கள் தெரிகிறீர்கள். இங்கே எவ்வளவு நெருக்கமாக வேண்டுமானாலும் போய் நிற்கலாம், உடம்பு படாமல் இருந்தால் போதும். ஒரு இன்ச் இடைவெளிகூட சட்டப்படி சரிதான். ஏன்? அவரால் உங்களைப் பார்க்க முடியும். அந்தப் பக்கம் போவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யலாம்.

இரண்டு, டிஃபெண்டர் நிற்கிறார், நீங்கள் அவர் பார்வைக்கு வெளியே, பின்னால் வந்து நிற்கிறீர்கள். 'பிளைன்ட் ஸ்க்ரீன்' என்பது இதைத்தான். இங்கே ஒட்டி நிற்கக் கூடாது. உங்கள் பக்கமாக அவர் சாதாரணமாக ஒரு ஸ்டெப் எடுத்து வைத்தாலும் உங்கள் மேல் இடிக்காத அளவுக்கு இடம் விட வேண்டும்.

மூன்று, டிஃபெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறார். இங்கே நேரமும் தூரமும் சேர்ந்துகொள்கின்றன. அவர் நின்றோ திசை மாறியோ உங்களைத் தவிர்க்கிற அளவுக்கு இடம் விட வேண்டும். அந்த இடைவெளி ஒரு ஸ்டெப்புக்குக் குறையக் கூடாது, இரண்டு ஸ்டெப்புக்கு மேல் தேவையில்லை. வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும்.

பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கரில் ராத்திரி வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? வெள்ளைக் கோடும் முன்னால் ஒரு போர்டும் இருந்தால் அதே ஸ்பீட் பிரேக்கரைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. தெரிகிறது, பிரேக் போடுகிறோம். கோடு இல்லாதபோதுதான் முதுகெலும்பு எகிறுகிறது. பிளைன்ட் ஸ்க்ரீனுக்குக் கேட்கிற அந்த ஒரு ஸ்டெப், வெள்ளைக் கோடு செய்கிற வேலையைச் செய்கிறது.

இந்த ஒன்று, இரண்டு ஸ்டெப் என்ற அளவு சும்மா வாய்க்கு வந்தபடி வைத்ததா? ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒருத்தர் செகண்டுக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். கோர்ட்டில் இது பெரிய வேகம் இல்லை. கண் ஒன்றைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, உடம்பு அசைய ஆரம்பிக்க கிட்டத்தட்ட கால் செகண்ட் ஆகும். 4 மீட்டரை 0.25-ஆல் பெருக்குங்கள். 1 மீட்டர். அதாவது, உங்களைப் பார்த்த பிறகும், பிரேக் போட ஆரம்பிப்பதற்கு முன்பே, அவர் ஒரு மீட்டர் வந்துவிடுவார். நீங்கள் அரை மீட்டர் தள்ளி நின்றால் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லை. அப்படி நடக்கிற மோதலுக்கு அவரைப் பொறுப்பாக்குவது அநியாயம்.

அப்போ ஏன் இரண்டு ஸ்டெப்போடு நிறுத்திவிட்டார்கள்? வேகமாக ஓடுகிறவருக்கு அது போதாதே? உண்மைதான், முழுசாக நின்றுவிட அது போதாது. ஆனால் உச்சவரம்பு இல்லையென்றால் "நான் வேகமா வந்தேன், எனக்கு அஞ்சு மீட்டர் விட்டிருக்கணும்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் உள்ள கோர்ட்டில் பத்துப் பேர் ஆடும்போது எல்லோருக்கும் அவ்வளவு இடம் கிடையாது. அதனால் பாதிப் பொறுப்பை ஓடுகிறவர் மேலேயே விதி வைக்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்து ஓடு, முழுசாக நிற்க முடியாவிட்டால் திசையாவது மாற்று.

டிஃபெண்டர் நகரலாம், ஸ்க்ரீன் போடுகிறவர் நகரக் கூடாது. ஏன்?

எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்கிற இடம் இது. பந்து வைத்திருப்பவர் டிஃபெண்டர் நெஞ்சில் மோதினால் "டிஃபெண்டர் நகர்ந்துட்டு இருந்தாரே, எப்படி சார்ஜ் ஃபவுல்?" என்று கேட்பார்கள். டிஃபெண்டர் நகரலாம். எதிராளியைப் பார்த்தபடி, இரண்டு பாதமும் தரையில் பட, முதலில் சரியான நிலையை எடுத்துவிட்டால் போதும். அதன் பிறகு அந்த நிலையைத் தக்கவைக்க அவர் பக்கவாட்டிலோ பின்னாலோ நகர்ந்துகொண்டே இருக்கலாம். இந்தச் சலுகை ஸ்க்ரீன் போடுகிறவருக்கு இல்லை.

அதோடு, பந்து வைத்திருப்பவருக்கு எதிராக நிற்கும்போது நேரம், தூரம் என்ற கணக்கே கிடையாது. கடைசி நிமிஷத்தில்கூட அவர் முன்னால் போய் நிலை எடுக்கலாம். காரணம் எளிமையானது. கையில் பந்து இருந்தால் எந்த நொடியிலும் தன்னை யாராவது மறிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதை எதிர்பார்த்துத்தான் ஓட வேண்டும்.

ஸ்க்ரீனில் மாட்டுகிறவர் நிலைமை வேறு. அவர் கையில் பந்து இல்லை. அவர் கண் தான் கவனிக்க வேண்டிய ஆள் மேல் இருக்கிறது. பின்னாலிருந்து யார் வருகிறார்கள் என்று பார்க்க அவருக்கு வழியில்லை. முதலில் நினைவில் வைக்கச் சொன்ன "கையில் பந்து இல்லாத" என்ற வார்த்தைகளின் அர்த்தம் இப்போது புரியும். பார்க்க முடியாதவருக்கு விதி கூடுதல் பாதுகாப்பு கொடுக்கிறது. அந்தப் பாதுகாப்புக்கான விலையை ஸ்க்ரீன் போடுகிறவர் அசையாமல் நின்று கட்ட வேண்டும்.

ஒழுங்காக நின்றாச்சு, இப்போ பொறுப்பு யாருக்கு?

இரண்டு நிபந்தனையும் சரியாக இருந்தால் பொறுப்பு அப்படியே கை மாறிவிடுகிறது. சட்டப்படி போட்ட ஸ்க்ரீனில் மோதல் நடந்தால் அதற்குப் பொறுப்பு மோதினவர்தான். ஸ்க்ரீனைத் தள்ளிக்கொண்டு, இடித்துக்கொண்டு போனால் ஃபவுல் டிஃபெண்டர் மேல்.

அப்போ ஆரம்பத்தில் மல்லாக்க விழுந்தாரே, அவருக்கும் ஃபவுல் இல்லையே? அமெரிக்கக் கல்லூரி விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. பார்வைக்கு வெளியே சரியாகப் போட்ட ஸ்க்ரீனில் ஒருத்தர் தெரியாமல் மோதினால், மோதல் எவ்வளவு பலமாக இருந்தாலும், அவர் மோதினதும் நின்றுவிட்டாலோ நிற்க முயன்றாலோ அது தற்செயல். யாருக்கும் ஃபவுல் இல்லை. அதனால்தான் விசில் வரவில்லை. விழுந்தவருக்கு வலிக்கும், ஆனால் அங்கே யாரும் விதியை மீறவில்லை.

இல்லீகல் ஸ்க்ரீனுக்கு என்ன தண்டனை? அதைப் போட்டவர் கணக்கில் ஒரு பெர்சனல் ஃபவுல். ஃபிபா விதியில் ஐந்து, என்.பி.ஏ.வில் ஆறு சேர்ந்தால் வெளியே போக வேண்டியதுதான். பந்து எதிர் டீமுக்குப் போய்விடும். ஷூட்டர் கையிலிருந்து பந்து வெளியேறும் முன் ஃபவுல் நடந்திருந்தால், பிறகு அது கூடையில் விழுந்தாலும் பாயின்ட் இல்லை. உங்கள் நண்பன் போட்ட அழகான மூன்று பாயின்ட் ஷாட், பத்தடி தள்ளி நீங்கள் அசைத்த இடுப்பால் காற்றில் போகும்.

ஃபவுல் எப்படி உருவாகுது?

வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான இல்லீகல் ஸ்க்ரீன் அவசரத்தில் வருகிறது. வழக்கமான வகைகள் இவை:

சாய்வது. பாதம் இரண்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கும். டிஃபெண்டர் தப்பித்துப் போகும் நொடியில் தோளோ இடுப்போ அவர் பக்கம் சாயும். பாதம் நகரவில்லை, ஆனால் உடம்பு சிலிண்டரை விட்டு வெளியே வந்துவிட்டது. இது ஃபவுல்.

அகட்டுவது. டிஃபெண்டர் பக்கத்தில் நெருங்கும்போது கடைசி நேரத்தில் ஒரு பாதத்தை வெளியே எடுத்து வைப்பது. அவர் தேர்ந்தெடுத்த பாதையை நீங்கள் அப்போதுதான் அடைக்கிறீர்கள். அவருக்கு நேரமே கொடுக்கவில்லை.

முழங்கை, கை. நீட்டித் தள்ளுவது, பிடித்துக்கொள்வது. விளக்கமே வேண்டாம்.

சீக்கிரம் உருள்வது. பிக் அண்ட் ரோலில் திரும்பி ஓட வேண்டிய அவசரத்தில், மோதல் முடியும் முன்பே உடம்பைத் திருப்பி டிஃபெண்டரை இழுத்துக்கொண்டே போவது. மோதலே வராமல் முன்கூட்டி நழுவி ஓடினால் அது சரி. அதற்கு 'ஸ்லிப்' என்று தனிப் பெயரே உண்டு. மோதலோடு சேர்ந்து ஓடுவதுதான் தப்பு.

கடைசி வகையில் ஃபவுல் ஒருத்தர் பெயரில் எழுதப்படும், காரணம் இன்னொருத்தர். ஸ்க்ரீன் போட வருகிறவர் இன்னும் நிற்கவே இல்லை. அதற்குள் பந்து வைத்திருப்பவர் பொறுமை இல்லாமல் கிளம்பிவிடுகிறார். இப்போது ஸ்க்ரீன் போடுகிறவருக்கு இரண்டே வழி: டிஃபெண்டரை விட்டுவிடுவது, அல்லது ஓடிப்போய் அவர் மேல் விழுவது. இரண்டாவதைச் செய்தால் விசில். அதனால் உங்கள் டீமில் ஒருத்தர் திரும்பத் திரும்ப மூவிங் ஸ்க்ரீனில் மாட்டுகிறார் என்றால் அவரைத் திட்டுவதற்கு முன், பந்து வைத்திருக்கிற ஆள் காத்திருந்தாரா என்று பாருங்கள். "நீ நில்லு, நான் வர்றேன்" என்று ஒரே ஒரு செகண்ட் பொறுத்தால் பாதி ஃபவுல் காணாமல் போகும்.

3.9 செகண்ட்

ஸ்க்ரீன் ஃபவுல் ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம் என்று நினைத்தால், 2024 ஏப்ரல் 5 அன்று கிளீவ்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் பாஸ்கெட்பால் அரையிறுதி. ஒரு பக்கம் கெய்ட்லின் கிளார்க்கின் ஐயோவா. இன்னொரு பக்கம் பேஜ் பெக்கர்ஸின் யூகான், அதாவது கனெக்டிகட் பல்கலைக்கழகம். டிவியில் சுமார் 1.4 கோடி பேர் பார்த்த மேட்ச்.

ஐயோவா 70, யூகான் 69. பந்து யூகான் கையில். ஒரே ஒரு கூடை போதும், ஃபைனலுக்குப் போய்விடலாம். பெக்கர்ஸை விடுவிக்க ஆலியா எட்வர்ட்ஸ் ஒரு ஸ்க்ரீன் போடுகிறார். பெக்கர்ஸைத் துரத்தி வந்த ஐயோவாவின் கேபி மார்ஷல் அதில் மோதுகிறார். விசில். இல்லீகல் ஸ்க்ரீன். 3.9 செகண்ட் மீதம் இருக்கும்போது பந்து ஐயோவாவுக்குப் போனது. ஃப்ரீ த்ரோவில் ஒரு பாயின்ட் சேர்த்து 71-69 என்று ஐயோவா ஜெயித்தது.

அன்றைக்கு இணையமே இரண்டாகப் பிரிந்தது. லெப்ரான் ஜேம்ஸ்கூட அந்த விசிலை ஏற்கவில்லை என்று பதிவு போட்டார். ஒரு மேட்ச்சின் ஒவ்வொரு பொசஷனிலும் இப்படி ஒரு இல்லீகல் ஸ்க்ரீன் சொல்ல முடியும் என்பது போலப் பேசினார் யூகான் கோச் ஜீனோ ஆரியெம்மா. பெக்கர்ஸோ, ஒரே ஒரு பிளேயால் தோற்கவில்லை, முன்னாடியே நாங்கள் நன்றாக ஆடியிருக்க வேண்டும் என்ற தொனியில் பேசினார்.

அந்தச் சண்டையில் உண்மையில் இரண்டு தனித்தனி கேள்விகள் கலந்துவிட்டன. மோதும்போது எட்வர்ட்ஸ் நகர்ந்தாரா என்பது ஒன்று. நகர்ந்திருந்தாலும், சீசனின் மிகப் பெரிய ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அதற்கு விசில் அடிக்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விதிப்புத்தகம் பதில் சொல்லும். நகரும்போது மோதல் என்றால் ஃபவுல்தான். இரண்டாவது கேள்விக்கு விதிப்புத்தகத்தில் இடமே இல்லை. முதல் நிமிஷத்துக்கு ஒரு விதி, கடைசி நிமிஷத்துக்கு ஒரு விதி என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கோபம் வந்தவர்களில் பலர் கோபப்பட்டது விதி மேல் இல்லை. "இவ்வளவு நேரம் விட்டுட்டு இப்போ மட்டும் ஏன்?" என்பதுதான் அவர்கள் கேள்வி. அது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில், கடைசியிலும் விட்டுவிடுவது இல்லை. முதல் நிமிஷத்திலிருந்தே பிடிப்பது.

பிடிப்பது ஏன் கஷ்டம்?

கோர்ட்டில் இரண்டு அல்லது மூன்று ரெஃப்ரி. ஆடுவது பத்துப் பேர். கண் இயல்பாகவே பந்தின் பின்னால் போகும். ஸ்க்ரீனோ பல நேரம் பந்து இல்லாத பக்கத்தில் நடக்கிறது. நின்றாரா நகர்ந்தாரா என்பதை அரை செகண்டுக்குள் முடிவு செய்ய வேண்டும். நாம் அதையே டிவியில் ஸ்லோ மோஷனில் நாலு கோணத்தில் பார்த்துவிட்டு "கண் தெரியலையா" என்கிறோம். கூடவே, இந்த அசைவால் டிஃபெண்டருக்கு உண்மையிலேயே பாதிப்பு வந்ததா என்றும் ரெஃப்ரி பார்ப்பார். ஸ்க்ரீனுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாத மூலையில் லேசாக உரசினால் விட்டுவிடுவதும் உண்டு.

ரெஃப்ரி இல்லாத நம்ம கோர்ட்டில்

சாயங்காலம் ஹாஸ்டல் கோர்ட்டில் ஆடும்போது ரெஃப்ரி யாரும் கிடையாது. நமக்கு நாமே சொல்லிக்கொள்வதுதான். பாதி நேரம் யார் குரல் பெரிசோ அவர் பக்கம் தீர்ப்பு. அடுத்த முறை சண்டை வந்தால் இந்த மூன்று கேள்வியை வரிசையாகக் கேளுங்கள்.

மோதல் நடந்ததா? இல்லையென்றால் பேச்சே இல்லை, ஆட்டத்தைத் தொடருங்கள்.

மோதும்போது ஸ்க்ரீன் போட்டவர் தன் சிலிண்டருக்குள், இரண்டு பாதமும் தரையில் பட, அசையாமல் நின்றாரா? இல்லையென்றால் அவர் மேல் ஃபவுல்.

நின்றார் என்றால், மோதினவருக்கு இடம் இருந்ததா? முன்னாலோ பக்கத்திலோ என்றால் எந்த இடைவெளியும் சரி. நிற்கிறவருக்குப் பின்னால் என்றால் ஒரு ஸ்டெப். ஓடுகிறவர் என்றால் ஒன்று முதல் இரண்டு ஸ்டெப். இடம் இருந்தது என்றால் ஸ்க்ரீன் சரி, மோதினவர்தான் பொறுப்பு.

இந்த வரிசையில் கேட்டால் "எனக்கு எவ்வளவு வலிச்சுது தெரியுமா" என்ற வாதத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கூடவே ஒரு பழக்கம். உங்கள் டீம்மேட் பின்னால் யாராவது ஸ்க்ரீன் போட வந்தால், "ஸ்க்ரீன் லெஃப்ட்!", "ஸ்க்ரீன் ரைட்!" என்று சத்தமாகக் கத்துங்கள். விதி எதிர் டீமிடம் ஒரு ஸ்டெப் இடம் வாங்கித் தருகிறது. மீதியைத் தர வேண்டியது உங்கள் குரல். பார்க்காத திசையிலிருந்து முழு வேகத்தில் ஒரு உடம்பின் மேல் மோதினால் பல்லோ மூக்கோ போகும், சிமென்ட் தரையில் தலை அடித்தால் அதைவிட மோசம். லீகல் ஸ்க்ரீனிலும் இது நடக்கலாம். நீங்கள் ஸ்க்ரீன் போடுகிற பக்கமாக இருந்தாலும் சரி, நின்ற இடத்தில் நின்றாலே போதும். எதிராளியைப் போய் இடித்து வேலை முடிக்கத் தேவையில்லை. அவர் சுற்றிப் போகிற அந்த அரை செகண்ட்தான் உங்கள் டீமுக்கு வேண்டியது.

ஆக, "நின்னா ஸ்க்ரீன், நகர்ந்தா ஃபவுல்" என்பது பாதி உண்மை. நிற்கணும், நிற்கிற இடமும் சரியாக இருக்கணும். அடுத்த மேட்ச்சில் பந்தை மட்டும் பார்க்காமல், பந்து இல்லாத பக்கத்தை ஒரு குவார்ட்டர் முழுக்கப் பாருங்கள். யார் ஒழுங்காக நிற்கிறார்கள், யார் இடுப்பை அசைக்கிறார்கள் என்று ரெஃப்ரிக்கு முன்னால் உங்கள் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும்.